பாலம் கட்டிய மரம்

அந்தக் காட்டு விடுதியில் அவளை எல்லோரும் அண்ணி என்றுதான் கூப்பிட்டார்கள். முதலில் அப்படிக் கூப்பிட்டவன் அவள் கணவனின் தம்பி. அவனைப் பார்த்துப் படகோட்டி கூப்பிட்டான். படகோட்டியைப் பார்த்து, வந்து தங்குகிறவர்களும் கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். அவளுடைய அப்பா வயதுள்ளவர்கள்கூட, "அண்ணி, குளிக்க வெந்நீர் கிடைக்குமா?" என்று கேட்பார்கள்.

"வெயில் வந்தா வெந்நீர் வரும்" என்பாள்.

வெந்நீர், விளக்கு, அறைக்கு ஒரு சின்ன மின்விசிறி எல்லாமே சமையலறைக் கூரைமேல் இருந்த சோலார் தகடுகளின் தயவு. ஆற்றங்கரையில் கால்கள் ஊன்றி நின்ற குடில்களுக்கு மூங்கில் சுவர். தரைக்குப் போட்ட பலகைகளெல்லாம் புயலில் தானாக விழுந்த மரங்களில் அறுத்தவை. வாசனை சோப்பு, ஷாம்பு, பிளாஸ்டிக் பை எதுவும் உள்ளே வரக்கூடாது. படகுத்துறையிலேயே வாங்கிப் பெட்டியில் வைத்து, திரும்பிப் போகும்போது கொடுப்பாள். சிலர் முகம் சுளிப்பார்கள். விடிந்ததும் வாசலில் மான் நிற்பதைப் பார்த்துவிட்டால் சோப்பை மறந்துவிடுவார்கள்.

விருந்தினர்களைக் காட்டுக்குள் அழைத்துப் போவது அவள் கணவன். எந்தப் பறவையைக் கேட்டாலும் அதே குரலில் கத்திக் காட்டுவதால் அவனுக்குக் கிளி என்று பெயர். விடுதியின் பெரிய பெருமை அவன் பொறுப்பில் இருந்த தொங்குபாலம்தான். வானத்தைத் தொடுகிற இரண்டு மரங்கள். ஒவ்வொன்றின் உச்சிக்குக் கீழும் ஒரு பலகை மேடை. நடுவில் இரும்புக் கயிற்றில் கட்டிய பாலம். முதல் மரத்தைச் சுற்றி ஏறும் படிக்கட்டில் மேலே போய், பாலத்தில் நடந்து, அடுத்த மரத்தின் ஏணி வழியாக இறங்க வேண்டும். இடுப்பில் ஒரு பெல்ட், அதிலிருந்து ஒரு கொக்கி. கொக்கியை இரும்புக் கயிற்றில் மாட்டிவிட்டால் கால் தவறினாலும் கீழே விழ முடியாது.

கிளியும் அவன் தம்பியும் ஒரு காலத்தில் ஒரே கான்ட்ராக்டரிடம் மரம் வெட்டியவர்கள். விடுதி வந்ததும் அண்ணன் ரம்பத்தைக் கீழே வைத்துவிட்டான். தம்பி வைக்கவில்லை. அவனுக்கு ரம்பம் என்றே பெயர். மோட்டார் ரம்பத்தைக் கையில் எடுத்தால் எவ்வளவு பெரிய மரத்தையும் சொன்ன இடத்தில் சாய்ப்பான் என்பது ஒரு காரணம். வாயைத் திறந்தால் மூடமாட்டான் என்பது இன்னொரு காரணம். லீவு நாளில் அண்ணியின் சமையலறைக்கு வந்து உட்கார்ந்தால், அவள் அடுப்பை அணைத்துப் பாத்திரம் கழுவி முடிக்கும்வரை பேசுவான்.

"டேய், என் காதுக்கும் கொஞ்சம் லீவு விடுடா" என்பாள்.

"உங்க கிட்ட பேசாம வேற யார் கிட்ட பேசறது அண்ணி? மரத்துகிட்டயா?"

அவள் கல்யாணமாகி வந்தபோது அவன் பால்பற்கள் விழுந்து முளைத்துக்கொண்டிருந்த பையன். தாய் இல்லை. காய்ச்சல் வந்தால் நெற்றியில் ஈரத்துணி போட்டது அவள்தான், பள்ளிக்கூடத்துக்குப் போகமாட்டேன் என்று ஓடியவனை ஆற்றங்கரைவரை துரத்திப் போய் அடித்ததும் அவள்தான்.

சிக்கல் ஓர் இருவாச்சிப் பறவையால் வந்தது. ஓடைக்கு அந்தப் பக்கம் ஒரு பழைய மரத்தின் பொந்தில் பெண் பறவை உள்ளே போய், வாசலை அடைத்துக்கொண்டு அடைகாத்தது. அலகு நுழையும் அளவுக்கு ஒரு பிளவு மட்டும் மிச்சம். ஆண் பறவை பழம் கொண்டுவந்து ஊட்டும். விருந்தினர்கள் தினமும் தூர நின்று அதைப் பார்ப்பார்கள். ஒருநாள் கான்ட்ராக்டரின் ஆட்கள் அந்த மரத்தைச் சாய்த்துவிட்டார்கள். அது வெட்டக்கூடாத பகுதி. அண்ணி போய்ப் பார்த்தபோது பொந்து பிளந்து, பெண் பறவை குஞ்சுகளோடு நசுங்கிக் கிடந்தது. ஆண் பறவை பக்கத்து மரத்தில் பழத்தை வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

அவள் வீட்டுக்குத் திரும்பாமல் அப்படியே படகில் ஏறி வன அலுவலகத்துக்குப் போனாள். கான்ட்ராக்டரின் லாரி எந்த வழியாக வரும், எப்போது வரும் என்று ரம்பம் பேச்சுவாக்கில் சொல்லியிருந்ததைச் சொன்னாள். லாரி பிடிபட்டது.

"உன் வாய் சும்மா இருக்காதா? தம்பி பொழப்பு போகப்போகுது" என்றான் கிளி.

"போகட்டும். அந்தப் பொழப்பு போனாத்தான் அவன் உருப்படுவான்."

ஆனால் காட்டிக்கொடுத்தது கிளிதான் என்று கான்ட்ராக்டர் முடிவு கட்டிவிட்டார். பழைய ஆள், தன் உப்பைத் தின்றவன் தனக்கே குழி பறித்துவிட்டான் என்று கடைத்தெருவில் நின்று கத்தினாராம். ரம்பம்தான் வந்து சொன்னான். சொல்லும்போது அவனிடம் வழக்கமான வளவளப்பு இல்லை.

"அண்ணனைக் கொஞ்சம் ஜாக்கிரதையா இருக்கச் சொல்லுங்க அண்ணி."

"நீ அந்த ஆளை விட்டு வந்துடு. அது போதும்."

"விட்டுட்டு? இங்க வந்து சட்டி கழுவவா?" என்று சிரித்துவிட்டுப் போனான்.

மழைக்கு முந்திய மாதம் அது. ஆள் வரத்து இல்லாத நேரத்தில் ஒரு பல் டாக்டரும் அவருடைய மாமியாரும் வந்து இறங்கினார்கள். மனைவிதான் எல்லாவற்றையும் ஏற்பாடு செய்திருந்தாள். கடைசி நேரத்தில் அவளுக்கு ஆபீசில் வேலை வந்துவிட்டது. மாமியாரும் மருமகனும் மட்டும் ஆளுக்கொரு பெட்டியோடு, படகின் இரண்டு முனைகளில் ஆளுக்கொரு பக்கம் பார்த்தபடி வந்தார்கள்.

"இங்க போன் எடுக்குமா?" என்பதுதான் டாக்டரின் முதல் பேச்சு.

"எடுக்காதுங்க. ஆத்துக்கு அக்கரையில ஒரு பாறை இருக்கு. அது மேல ஏறி நின்னா எடுக்கும்."

"பாறை மேலயா?"

"மாப்பிள்ளை, ரெண்டு நாள் பேசாம இருந்தா யார் பல்லும் கொட்டிடாது" என்றார் மாமியார். அண்ணிக்கு அந்த அம்மாளை அப்போதே பிடித்துப்போயிற்று.

மறுநாள் காலைச் சாப்பாடு முடிந்ததும் கிளி தொங்குபாலத்துக்குக் கூப்பிட்டான். டாக்டருக்கு உயரம் என்றாலே பயம். சாப்பாட்டுக் கூடத்திலேயே உட்கார்ந்து படிக்கிறேன் என்றார். மாமியார் சேலையை முழங்காலுக்கு மேல் தூக்கிச் சொருகிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

"அத்தை, உங்களுக்குப் பிரஷர் இருக்கு."

"அது கீழே இருக்கும்போதுதான் மாப்பிள்ளை."

அண்ணி அடுப்பில் பெரிய பானையில் தண்ணீர் வைத்திருந்தாள். வாரத்துக்கு ஒருமுறை படுக்கை விரிப்புகளை வெந்நீரில் போட்டு அலசுவது வழக்கம். தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. அப்போது படகுத்துறையில் இரும்பு இரும்பில் மோதுகிற சத்தமும் படகோட்டியின் அலறலும் ஒன்றாகக் கேட்டன.

அவள் வாசலுக்கு வருவதற்குள் இரண்டு பேர் மேலே வந்துவிட்டார்கள். இருவர் கையிலும் இரும்புத் தடி. கீழே படகின் என்ஜின் மூடி பிளந்து கிடந்தது. படகோட்டி முழங்காலைக் கட்டிப் பிடித்துக்கொண்டு சேற்றில் புரண்டான். வந்தவர்களில் தாடிக்காரனை அவளுக்குத் தெரியும். கான்ட்ராக்டரின் லாரி ஓட்டுபவன். மற்றவன் முன்பின் பார்க்காத தடியன்.

பல் டாக்டர் புத்தகத்தை வைத்துவிட்டு எழுந்தார்.

"யாருங்க நீங்க? என்ன வேணும் உங்களுக்கு?"

தடியன் அவர் கன்னத்தில் ஓங்கி ஓர் அறை விட்டான். கண்ணாடி பறந்து தூணில் அடித்துச் சிதறியது. டாக்டர் நாற்காலியோடு பின்னால் விழுந்தார். தடியன் மேஜைமேல் ஏறி, அங்கிருந்து கூரையில் தொற்றி, சோலார் தகடுகளை ஒவ்வொன்றாக அடித்து நொறுக்க ஆரம்பித்தான். கண்ணாடித்தூள் மழைபோல் கொட்டியது.

தாடிக்காரன் அண்ணியைச் சமையலறைச் சுவரோடு நெருக்கிக் கழுத்தில் கையை வைத்தான்.

"சத்தம் போடாத. உன்னை ஒண்ணும் பண்ணச் சொல்லல. வேலை முடியற வரைக்கும் இங்கயே இருக்கணும், அவ்வளவுதான்."

"என்ன வேலை?"

அவன் சொல்ல வேண்டியிருக்கவில்லை. காட்டுக்குள்ளிருந்து மோட்டார் ரம்பம் கிளம்பும் சத்தம் வந்தது. முதலில் வெறுமனே உறுமியது. பிறகு குரல் தடித்துக் கீழே இறங்கியது. மரத்தைக் கடிக்கும்போதுதான் அப்படி இறங்கும். மரம் வெட்டியின் மனைவியாகப் பல வருஷம் வாழ்ந்தவளுக்கு அந்த வித்தியாசம் தெரியும். சத்தம் வரும் திசையும் தெரிந்தது.

"அங்க ஆள் இருக்குடா! பாலத்து மேல என் புருஷன் இருக்கான், வயசான அம்மா ஒண்ணு இருக்கு!"

தாடிக்காரனின் கண் ஒரு கணம் தடுமாறியது. "சும்மா சொல்லாத. காலையில யாரும் போறதில்லன்னு சொன்னாங்க."

"சாமி சத்தியமா இருக்காங்கடா! விடு!"

அவன் விடவில்லை. கழுத்தைப் பிடித்த கை இன்னும் இறுகியது. அவள் கை பின்னால் துழாவியது. பானையின் பக்கத்தில் பெரிய அகப்பை இருந்தது. எடுத்துக் கொதிநீரை மொண்டு அவன் முகத்தில் வீசினாள். அவன் போட்ட கூச்சல் மனிதக் கூச்சலாக இல்லை. முகத்தை மூடிக்கொண்டு மண்டியிட்டவனைத் தாண்டிக் குதித்து ஓடினாள். கூரையிலிருந்து தடியன் ஏதோ கத்தினான். பின்னால் யாரோ ஓடிவருவது கேட்டது. திரும்பிப் பார்க்கவில்லை.

காட்டு வழி முழுக்க வேர். செருப்பு எங்கே கழன்றதென்று தெரியவில்லை. மரத்தடி கண்ணில் பட்டபோது, தான் பயந்ததெல்லாம் சரி என்று தெரிந்தது. படிக்கட்டின் கீழ்ப்பகுதியை உடைத்துத் தள்ளிவிட்டு, முதல் மரத்தின் அடியில் குனிந்து நின்று அறுத்துக்கொண்டிருந்தவன் ரம்பம். காதை மூடிய பெரிய மூடி. முகத்துக்கு முன்னால் வலை. மரத்தூள் அவன் கால்வரை மூடியிருந்தது. மரம் சாய வேண்டிய பக்கம் ஆப்பு வடிவத்தில் வெட்டி முடித்து, பின்பக்கம் பாதிக்குமேல் உள்ளே போய்விட்டான்.

அவனுக்குச் சற்றுத் தள்ளி கான்ட்ராக்டர் நின்றார், கையில் வெட்டுக்கத்தியோடு. அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவளும் பார்த்தாள். பாலத்தின் நடுவில் கிளி இரண்டு கைகளையும் வீசிக் கத்திக்கொண்டிருந்தான். அவனைப் பிடித்துக்கொண்டு, ஆடும் பாலத்தில் அடி எடுத்து வைக்க முடியாமல் அந்த அம்மாள். இயந்திரத்தின் இரைச்சலில் மேலேயிருந்து ஒரு சத்தமும் கீழே வரவில்லை. கான்ட்ராக்டர் அதைப் பார்த்தார். பார்த்துவிட்டு, ரம்பத்தின் பக்கம் கையை வேகமாக ஆட்டினார். ம், ஆகட்டும்.

அண்ணி தம்பியை நோக்கிப் பாய்ந்தாள். கான்ட்ராக்டர் குறுக்கே வந்தார்.

"எங்கடி ஓடற?"

"நான்தான் சொன்னேன்! லாரியைக் காட்டிக்குடுத்தது நான்! என் புருஷன் இல்ல! நிறுத்தச் சொல்லு!"

அவர் முகம் ஒரு விநாடி ஒன்றும் புரியாமல் நின்றது. பிறகு கத்தியை வீசினார். அவள் தலைக்கு முன்னால் கையைத் தூக்கினாள். முழங்கைக்குக் கீழே சதை பிளந்து வெள்ளையாகத் தெரிந்தது. வலி தெரியவில்லை. அப்படியே அவரை மோதித் தள்ளிக்கொண்டு போய், தம்பியின் முதுகில் ரத்தக் கையால் அறைந்தாள்.

ரம்பம் திடுக்கிட்டுத் திரும்பினான். அண்ணியின் முகத்தையும் கையையும் பார்த்தான். விசையை விட்டான். இரைச்சல் நின்றது. அப்போதுதான் மேலேயிருந்து அண்ணனின் குரல் கேட்டது.

"டேய் தம்பி! நான்டா! நான் இருக்கேன்டா மேல!"

அவன் காது மூடியைப் பிடுங்கி எறிந்தான். "பாலம் போனா அண்ணனை விட்டுடறேன்னீங்களே. யாரும் இல்லன்னு சொன்னீங்களே. யாரும் இல்லன்னு சொன்னீங்களே முதலாளி" என்று திரும்பத் திரும்பச் சொன்னான்.

மரத்துக்குள் ஏதோ முறிந்தது. அந்தச் சத்தத்தின் அர்த்தம் அவனுக்கு மற்ற யாரையும்விட நன்றாகத் தெரியும்.

"அண்ணா! இந்தப் பக்கம் வராத! அந்த மரத்துக்கு ஓடு! இது நிக்காது! கொக்கியைக் கழட்டு, கொக்கியைக் கழட்டிட்டு ஓடு!"

இதுவரை காப்பாற்றிய கொக்கி இப்போது கொல்லும். கயிற்றோடு மாட்டியிருந்தால் மரம் விழும்போது அவர்களையும் இழுத்துக்கொண்டு போகும். கிளி முதலில் அந்த அம்மாளின் கொக்கியைக் கழற்றினான், பிறகு தன்னுடையதை. அம்மாளை முன்னால் விட்டு, பின்னாலிருந்து இடுப்பைப் பிடித்துத் தள்ளிக்கொண்டே போனான். பாலம் தூளிபோல் ஆடியது. மரம் முதலில் மெதுவாகத்தான் சாய்ந்தது. மேலே இலைகள் சலசலத்தன. பறவைகள் ஒன்றாகக் கிளம்பின. கிளி அந்த அம்மாளை அடுத்த மேடையில் தூக்கி எறிவதுபோல் எறிந்தான். தன் காலை மேடையில் வைப்பதற்குள் இரும்புக் கயிறு விண்ணென்று இழுபட்டு, துப்பாக்கிபோல வெடித்து அறுந்தது.

முதல் மரம் காட்டை இரண்டாகக் கிழித்துக்கொண்டு விழுந்தது. பாலம் அறுந்த பக்கம் கீழே தொங்க, கடைசிப் பலகைகளைப் பிடித்துக்கொண்டிருந்த கிளி ஊஞ்சல்போல வீசப்பட்டு இரண்டாவது மரத்தின் தண்டில் போய் அடித்தான். கொஞ்ச நேரம் தொங்கினான். தொங்கிய பாலத்தின் பலகைகளில் சறுக்கிக்கொண்டே கீழே வந்தான், அதன் முனையில் கை நழுவியது. இரண்டு ஆள் உயரத்திலிருந்து வேர்களின்மேல் விழுந்து, அசையாமல் கிடந்தான்.

ரம்பம் அண்ணனைப் பார்த்தான். பக்கத்தில் போகவில்லை. தொட்டுப் பார்க்கவும் இல்லை. செத்துவிட்டான் என்றே முடிவு செய்துவிட்டான். தரையில் கிடந்த இயந்திரத்தை எடுத்துக் கயிற்றை ஒரே இழுப்பாக இழுத்தான். அது உயிர்பிடித்தது.

கான்ட்ராக்டர் அவன் முகத்தைப் பார்த்தார். கத்தியைக் கீழே போட்டார். இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார்.

"டேய், வேணாண்டா... இப்படி ஆகும்னு..."

திரும்பி ஓடினார். பருத்த உடம்பு, பழக்கமில்லாத பாதை. விழுந்த மரத்தின் கிளைகளுக்கு நடுவில் கால் சிக்கிக் குப்புற விழுந்தார். அண்ணி கத்தினாள். "வேண்டாம்டா! டேய், நிறுத்து!" என்று சின்ன வயதில் அவனைத் துரத்தியபோது போட்ட அதே குரலில் கத்தினாள். ரம்பத்தின் காதில் விழவில்லை. விழுந்து கிடந்தவரின் பின்தொடையில் இயந்திரத்தை இறக்கினான். துணியும் சதையும் சிதறின. ரத்தம் அவன் முகத்து வலையில் அடித்தது. கண் தெரியாமல்தான் நிறுத்தினான்.

அந்த நேரத்தில்தான் பல் டாக்டர் வந்து சேர்ந்தார். பின்னால் ஓடிவந்தது அவர்தான். கண்ணாடி இல்லாததால் இரண்டு முறை விழுந்து எழுந்திருந்தார், மூக்கு உடைந்திருந்தது. எதிரே மூன்று பேர் ரத்தத்தில். மேலே ஒரு குரல்.

"மாப்பிள்ளை! நான் மரத்தைக் கட்டிப் பிடிச்சிட்டு நல்லாத்தான் இருக்கேன். நீங்க கீழே இருக்கவங்களைப் பாருங்க!"

டாக்டர் நேராகக் கான்ட்ராக்டரிடம் போனார். இடுப்பு வார்ப்பட்டையைக் கழற்றித் தொடையின் மேற்பகுதியில் இறுக்கினார். வழுக்கியது. வெட்டு மிக உயரத்தில் இருந்தது; பட்டைக்குப் பிடி கிடைக்கவில்லை.

"அந்தாளை விடுங்க சார்!" என்று ரம்பம் கத்தினான். "எங்க அண்ணனைப் பாருங்க!"

"உங்க அண்ணன் முனகறாரு, இங்கிருந்தே கேக்குது. இவருக்குத்தான் நேரம் இல்ல. என் ஒருத்தன் கை போதாது. இங்க வாங்க. ரெண்டு கையையும் இதுக்குள்ள வெச்சு அமுக்குங்க."

ரம்பம் நின்றான்.

"அமுக்குங்கன்னு சொல்றேன்ல!"

அவன் மண்டியிட்டான். தான் அறுத்த இடத்திலேயே இரண்டு கைகளையும் நுழைத்து அழுத்தினான். கான்ட்ராக்டர் தலையைத் திருப்பி அவனைப் பார்த்தார். திட்டவில்லை. அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டார், கீழே போய்விடாமல் இருக்கப் பிடிப்பதுபோல. ரம்பம் அழுத்திக்கொண்டே அழுதான். விரல்களுக்கு நடுவில் சூடு வந்துகொண்டே இருந்தது. பிறகு குறைந்தது. டாக்டர் கழுத்தில் விரல் வைத்துப் பார்த்துவிட்டு, "போதும், எடுத்துடுங்க" என்றார். அவன் எடுக்கவில்லை. டாக்டர்தான் மணிக்கட்டைப் பிடித்து எடுத்துவிட வேண்டியிருந்தது.

கிளிக்கு இடுப்பெலும்பு உடைந்திருந்தது. அண்ணியின் கையை டாக்டர் சாப்பாட்டு மேஜைமேல் வைத்து, தன் பையில் இருந்த ஈறு தைக்கும் ஊசியால் தைத்தார். "வாய்க்குள்ள தைக்கறதைவிட இது சுலபம். நாக்கு குறுக்க வராது" என்றார். தைத்து முடித்துவிட்டு, குடிலுக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்தார். தாடிக்காரன் ஆற்று நீரில் முகத்தை வைத்துக்கொண்டு முனகியபடி கிடந்தான். தடியன் எப்போதோ ஓடிவிட்டிருந்தான். என்ஜின் உடைந்த படகைத் துடுப்புப் போட்டு ஓட்டியவன் ரம்பம்தான். அண்ணன், அண்ணி, படகோட்டி, டாக்டர், அவருடைய மாமியார், முகம் வெந்தவன், துணி மூடிய பிணம் எல்லாவற்றையும் அவனே ஏற்றி, அவனே வலித்துக்கொண்டு ஆஸ்பத்திரி ஊருக்குப் போனான். வழியெல்லாம் ஒரு வார்த்தை பேசவில்லை.

ஆஸ்பத்திரி வராந்தாவில் இன்ஸ்பெக்டர் விசாரித்தார். நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். கேட்டது ஒரே கேள்வி.

"வெட்டும்போது அவர் கையில கத்தி இருந்துச்சா?"

"இருந்துச்சு" என்றாள் அண்ணி. "என்னை வெட்டிட்டு அவனையும் வெட்ட வந்தாரு."

இன்ஸ்பெக்டர் மாமியாரிடம் திரும்பினார். "நீங்க மேல இருந்து எல்லாத்தையும் பாத்திருப்பீங்களே?"

"எனக்குக் கீழே பாத்தா தலை சுத்தும் சார். கண்ணை இறுக்கி மூடிட்டேன்" என்றார் அந்த அம்மாள். மருமகன் அவரை வியப்போடு பார்த்தார். ஏதோ சொல்ல வாய் எடுத்து, தன் உடைந்த மூக்கைத் தடவிக்கொண்டு சும்மா இருந்துவிட்டார்.

அத்தோடு முடிந்திருக்கும். சுவர் ஓரமாக உட்கார்ந்திருந்த ரம்பம் எழுந்தான்.

"கத்தியைக் கீழே போட்டுட்டாரு சார். வேணாம்னு கையை விரிச்சாரு. ஓடினாரு. நான்தான் துரத்திட்டுப் போய் வெட்டினேன்."

"டேய், உனக்குப் பைத்தியமா?" என்று அண்ணி அவன் சட்டையைப் பிடித்தாள். தைத்த கை சுரீரென்றது. "அவன் ஏதோ பயத்துல உளர்றான் சார்."

"உளரல அண்ணி. எனக்காக நீங்க பொய் சொல்லி மாட்டிக்க வேணாம். அவரு என் சட்டையைப் பிடிச்சுக்கிட்டாரு அண்ணி, நீங்களும் பாத்தீங்க. அப்புறமும் கத்தி இருந்துச்சுன்னு நான் எப்படிச் சொல்லிட்டு இருக்கறது?"

அவனுக்குச் சிறை கிடைத்தது. கோபத்தின் உச்சத்தில் செய்தது, தானாகவே ஒப்புக்கொண்டான் என்பதற்காகக் கொஞ்சம் குறைத்துக் கொடுத்தார்கள். பல் டாக்டர் வந்து சாட்சி சொன்னார், பார்த்ததைப் பார்த்தபடி. கிளி நாலைந்து மாதம் படுக்கையில் கிடந்தான். முதலில் அவளோடு பேசவே இல்லை. நீ வன அலுவலகத்துக்குப் போகாமல் இருந்திருந்தால் என்று ஒரே ஒரு தடவை சொன்னான். அதற்கு அவள், "போயிருக்கக்கூடாதுன்னு உன் மனசுல இருந்து சொல்லு பாக்கலாம்" என்றாள்.  அதற்குப் பிறகு அவன் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

விடுதி மறுபடி திறந்தது. புதிய தகடுகள் வந்தன. பாலம் வரவில்லை.

அடுத்த வருஷத்து முதல் மழைக்குப் பிறகு ஒரு மத்தியானம், வாடகைப் படகில் ஒரு பெண் தனியாக வந்து இறங்கினாள். பெட்டி இல்லை. அண்ணி வழக்கம்போல, "சோப்பு கீப்பு ஏதாவது இருக்காங்க?" என்று கேட்டபடி துறைக்கு இறங்கினாள்.

அந்தப் பெண் அவள் கன்னத்தில் அறைந்தாள். மறுபடி அறைந்தாள். கை வலிக்கும்வரை தோளிலும் தலையிலும் அடித்தாள். படகோட்டி நொண்டிக்கொண்டே ஓடி வந்தான். அண்ணி கையைக் காட்டி அவனை நிறுத்தினாள். யாரென்று அவளுக்குப் புரிந்துவிட்டது.

அடித்து முடித்துவிட்டு, மூச்சு வாங்கியபடி அந்தப் பெண் கேட்டாள்: "அவரு ஓடினாருன்னு கோர்ட்ல சொன்னாங்க. நிஜமா?"

"நிஜம்தான்."

"பயந்துட்டாரா?"

"ரொம்பப் பயந்துட்டாரு."

அந்தப் பெண்ணின் உதடு துடித்தது. அடக்கிக்கொண்டாள்.

"இன்னொண்ணு. அதை யாரும் கேக்கல, நானும் எங்க வீட்டு ஆளுங்க முன்னாடி கேக்க முடியல. மேல ஆள் இருக்கறது அவருக்குத் தெரியுமா? தெரியாமத்தான் வெட்டச் சொன்னாரா?"

தெரியாது என்று சொல்லிவிட அண்ணிக்கு நாக்கு நுனிவரை வந்தது. கணவனை இழந்தவள்; சுமந்துகொண்டு போக ஒரு நல்ல வார்த்தை கொடுத்தால் என்ன குறைந்துவிடும்? ஆனால் ஒரு தடவை ஒருவனுக்காகப் பொய் சொல்லிப் பார்த்தாயிற்று. அவனே அதை ஏற்கவில்லை.

"தெரியும்" என்றாள். "அண்ணாந்து பாத்தாரு. பாத்துட்டுத்தான் கையை ஆட்டினாரு."

அந்தப் பெண் படகின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"கோபம் வந்தா அவருக்குக் கண்ணு தெரியாது" என்று தனக்குத்தானே சொல்வதுபோல் சொன்னாள். "என்னையே ஒரு தடவை..." அதை முடிக்கவில்லை. "அவரு விழுந்த இடத்தைக் காட்டறீங்களா?"

இருவரும் நடந்தார்கள். பாதை முழுக்க மழைச் சேறு. அந்தப் பெண்ணுக்குப் பழக்கமில்லை. வேர் தட்டித் தடுமாறியபோது அண்ணி கையை நீட்டினாள். கொஞ்சம் தயங்கி, அந்தப் பெண் பிடித்துக்கொண்டாள்.